சீமைக்குப் போக என்ன வேண்டும்?

போன மாதம் ரேஸ்கோர்ஸில் காலை நடையின்போது ஒரு நண்பர் என்னை நிறுத்தினார். "ஏனுங்க, நீங்க லண்டன் போயிட்டு வந்தவராச்சே. பையன் கூப்பிடறான். என்னென்ன காயிதம் வேணும்னு சொல்லுங்க" என்றார். எனக்குத் தெரிந்ததை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன். கேட்காதவர்களுக்கும் பயன்படட்டும் என்று முதலில் அதை எழுதிவிடுகிறேன். பிறகு என் கதைக்கு வருகிறேன்.

செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும். பார்வையாளர் விசாவுக்குக் கம்ப்யூட்டரில் படிவம் நிரப்பி, கட்டணத்தையும் அதிலேயே கட்ட வேண்டும். 6 மாத விசாவுக்கே நூறு பவுண்டுக்கு மேல் ஆகிறது. பிறகு ஒரு நாள் குறித்துக்கொண்டு விசா விண்ணப்ப மையத்துக்கு நேரில் போய்க் கைரேகையும் முகப்படமும் கொடுக்க வேண்டும். நாங்கள் சென்னைக்குப் போனோம். வங்கிக் கணக்கின் ஆறு மாத விவரம், பென்ஷன் உத்தரவு, வீட்டு வரி ரசீது, அங்கே இருக்கும் மகனோ மகளோ எழுதிய அழைப்புக் கடிதம், அவர்களுடைய சம்பளச் சீட்டு இவையெல்லாம் கூட இருந்தால் நல்லது. இதில் பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் விசாவை வைத்துக்கொண்டு பாரிஸ் போக முடியாது. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி எல்லாம் ஷெங்கன் என்ற ஒரே கூரைக்குக் கீழே வருகிற நாடுகள். அதற்குத் தனி விசா. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் அவர்கள் கேட்பார்கள். பிரிட்டன் அந்தக் கூரைக்குள் எப்போதுமே வந்ததில்லை.

நண்பர் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் அன்று வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு வேறு எண்ணம் ஓட ஆரம்பித்தது. "சீமைக்குப் போக என்ன வேண்டும்?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் பதில் மாறியிருக்கிறது. அப்படி மாறிய ஒரு சமயத்தில் எங்கள் வீட்டிலேயே ஒருவர் நடுவில் மாட்டிக்கொண்டார். அவர் என் அண்ணன்.

முதலில் பழைய கதை. 1914 மார்ச் 17 அன்று மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து நெவாசா என்ற கப்பலில் ஏறினார் கணித மேதை ராமானுஜன். ஏப்ரல் 14 அன்று லண்டன் போய்ச் சேர்ந்தார். அவருக்கு எது தடையாக இருந்தது? காகிதம் இல்லை. கடல் தாண்டக் கூடாது என்ற குலக் கட்டுப்பாடு தடையாக இருந்தது. அவருடைய தாயாரின் சம்மதம் வேண்டியிருந்தது. நாமகிரித் தாயார் கனவில் வந்து உத்தரவு கொடுத்ததாகக் குடும்பத்தில் சொல்வார்கள். பாஸ்போர்ட் என்று ஒன்று அப்போதும் இருந்தது, ஆனால் கட்டாயம் இல்லை. ருஷ்யா, துருக்கி போன்ற சில நாடுகளைத் தவிர ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களுக்கு அது இல்லாமலே போகலாம். டிக்கெட் காசும் கம்பளிக் கோட்டும் இருந்தால் போதும்.

அவர் போய்ச் சேர்ந்த நான்காம் மாதம் முதல் உலகப் போர் வெடித்தது. ஒற்றர் பயம், எதிரி நாட்டவர் பயம் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு நாடும் எல்லையில் ஆளை நிறுத்திக் காகிதம் கேட்க ஆரம்பித்தது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் புகைப்படம் கட்டாயம் ஆனதும் அந்தப் போரின்போதுதான். இந்தியாவிலும் 1917-ல், இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், கடல் வழியாகப் போக வர பாஸ்போர்ட் வேண்டும் என்று விதி வந்தது. 1919 பிப்ரவரியில் ராமானுஜன் உடல் நலம் கெட்டுத் திரும்பினபோது அவர் கையில் ஒரு பாஸ்போர்ட் இருந்தது. அதில் ஒட்டுவதற்காக எடுத்த படம்தான் இன்று நாம் தபால் தலையிலும் பாடப்புத்தகத்திலும் பார்க்கிற ராமானுஜன் முகத்துக்கு மூலம். ராமானுஜனை இங்கிலாந்துக்கு வரவழைத்த பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு நல்ல படம் தேவைப்பட்டது. 1936-ல் இந்தியா வந்திருந்த விஞ்ஞானி எஸ். சந்திரசேகர், ஜானகி அம்மாளைப் பார்த்துத் தேடியபோது அந்தப் பழைய பாஸ்போர்ட் கிடைத்தது. போகும்போது இல்லாத காகிதம் வரும்போது வந்து சேர்ந்தது. அந்தக் காகிதத்தால்தான் அவர் முகம் நமக்குத் தெரிகிறது. தபால் இலாகாவில் 38 வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால் அந்தத் தபால் தலை மேல் எனக்குக் கொஞ்சம் தனிப் பாசம்.

போர் முடிந்தால் இந்தத் தொல்லையும் போய்விடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1920-ல் பாரிசில் சர்வதேச சங்கம் ஒரு மாநாடு கூட்டியது. பாஸ்போர்ட்டை ஒரேயடியாக ஒழிக்க இன்னும் காலம் வரவில்லை, அதுவரை எல்லா நாடும் ஒரே மாதிரி வைத்துக்கொள்வோம் என்று சொல்லி, 32 பக்கப் புத்தகம் என்று அளவு குறித்தார்கள். தற்காலிக ஏற்பாடுதான். நூறு வருஷம் தாண்டிவிட்டது.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

அப்பா மில் தொழிலாளி. அண்ணன் எனக்குப் பதினோரு வயது மூத்தவர். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஒரு வார்ப்படப் பட்டறையில் மோல்டராகச் சேர்ந்தார். பம்புசெட், மோட்டார் என்று நம் ஊர் முழுக்கப் பட்டறைகள் புகை விட்டுக்கொண்டிருந்த காலம். மண்ணைப் பிடித்துப் பார்த்தே ஈரம் சரியா என்று சொல்லிவிடுவார். எங்கள் தெருக்காரர் ஒருவர் கப்பலில் வேலை பார்த்து, பர்மிங்ஹாம் பக்கத்தில் ஸ்மெதிக் என்ற ஊரில் தங்கிவிட்டார். அங்கேயும் பட்டறைகள்தான், நம்முடையதைவிடப் பெரியவை. வெள்ளைக்காரர்கள் அந்தச் சூட்டில் நின்று வேலை செய்ய விரும்பவில்லை, பஞ்சாபிக்காரர்கள் நிறைய வந்து சேர்கிறார்கள், நீயும் கிளம்பி வா என்று 1961-ல் அண்ணனுக்குக் கடிதம் போட்டார். "சீக்கிரம் வா, சட்டம் வரப் போகிறதாகப் பேச்சு" என்றும் அதில் எழுதியிருந்தது.

அந்தக் காலத்தில் பிரிட்டனுக்கு விசா கிடையாது என்று சொன்னால் என் பேத்தி நம்ப மாட்டேன் என்கிறாள். உண்மை அதுதான். 1948-ல் அவர்கள் போட்ட குடியுரிமைச் சட்டப்படி காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் எவனும் பிரிட்டனில் இறங்கலாம், வேலை செய்யலாம், தங்கலாம். துறைமுகத்தில் நிற்கும் அதிகாரி அவனைத் திருப்பி அனுப்ப முடியாது. இந்தியக் குடிமகன் என்று காட்ட ஒரு பாஸ்போர்ட் இருந்தால் போதும்.

அந்தப் பாஸ்போர்ட்தான் கிடைக்காது!

இதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். அப்போது பாஸ்போர்ட் என்பது குடிமகனின் உரிமை இல்லை, அரசு மனம் வைத்துக் கொடுக்கிற சலுகை. அதற்கென்று ஒரு முழுமையான சட்டமே கிடையாது. 1954-ல் பம்பாய், கல்கத்தா, டில்லி, மெட்ராஸ், நாகபுரி என்று ஐந்து இடங்களில்தான் அலுவலகம் திறந்தார்கள். கையில் காசோ படிப்போ இல்லாதவர்கள் வெளிநாடு போய்க் கஷ்டப்பட்டால் அரசு செலவில் திரும்பக் கொண்டுவர வேண்டும், நாட்டுக்கும் கெட்ட பெயர் என்று நம் அரசு நினைத்தது. படிப்பில்லாதவர்கள் கூட்டமாக வருவதை நீங்களே அங்கே தடுத்துவிடுங்கள் என்று பிரிட்டனும் காதோடு சொல்லிக்கொண்டிருந்தது. வெளியில் காமன்வெல்த் சகோதரர்கள், உள்ளே இந்த ஏற்பாடு! பஞ்சாபில் போலிப் பாஸ்போர்ட் வியாபாரமே நடந்தது. பாஸ்போர்ட் கிடைத்தாலும் அதில் எந்தெந்த நாட்டுக்கு என்று கையால் எழுதியிருக்கும், எழுதாத நாட்டுக்குப் போக முடியாது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில், வெறும் 3 பவுண்டோடு போய் இறங்கியவர்கள் அந்தத் தலைமுறையில் எத்தனையோ பேர்.

அண்ணனைப் போன்றவர்களுக்குப் போலீஸ் விசாரணையோடு பொருளாதார ஜாமீனும் தேவைப்பட்டது. நாளைக்கு இவன் அங்கே தெருவில் நின்றால் திருப்பிக் கூட்டி வரும் செலவுக்கு நான் பொறுப்பு என்று சொத்துள்ள ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். எங்களுக்கு ஓட்டு வீடுதான், அதுவும் வாடகைக்கு. சொந்தத்தில் தோட்டமும் கிணறுமாக வசதியாக இருந்தவர் ஒருவர்தான். அப்பா அண்ணனைக் கூட்டிக்கொண்டு அவரிடம் போனார். நானும் கூடப் போனேன். திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். அவர் படிவத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "கையெழுத்துப் போடறதுக்கென்ன, போட்டர்லாம். அறுப்பு முடியட்டும்" என்றார்.

அறுப்பு முடிந்தது. "தை பொறக்கட்டும்" என்றார். தை பிறந்தது. பிறகு "கோர்ட்டுல ஒரு வழக்கு இருக்குது, அது ஒரு பக்கம் முடியட்டும்" என்றார். முடியாது என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. அப்பாவும் வற்புறுத்தத் தெரியாதவர். அண்ணன் படிவத்தைப் பழைய ஹார்லிக்ஸ் அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் எட்டு மைல் போய் அவர் வாசலில் நின்றுவிட்டு வருவார். அம்மா மட்டும் ஒன்றும் பேசமாட்டார். கோனியம்மன் கோயிலுக்குப் போய் விளக்குப் போடுவார். மகன் போக வேண்டும் என்றா, போகக் கூடாது என்றா என்று நாங்கள் கேட்டதில்லை.

1962 ஜூலை 1 அன்று பிரிட்டனின் காமன்வெல்த் குடிபெயர்வோர் சட்டம் அமலுக்கு வந்தது. வேலைக்கு வருகிறவர்களுக்கு வவுச்சர் என்று ஒன்றைக் கட்டாயமாக்கினார்கள். அதில் மூன்று வகை. அங்கே ஒரு முதலாளி பெயர் சொல்லிக் கூப்பிட்டால் 'ஏ'. அவர்களுக்குத் தேவையான படிப்போ தொழிலோ இருந்தால் 'பி'. எதுவும் இல்லாதவர்களுக்கு 'சி'. அந்த 'சி' வகை இரண்டொரு வருஷத்தில் காணாமலே போய்விட்டது. 1965-ல் மொத்தக் காமன்வெல்த்துக்கும் சேர்த்து வருஷத்துக்கு 8,500 வவுச்சர் என்று குறைத்தார்கள். அதிலும் 1,000 மால்டாத் தீவுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள்.

அந்தச் சொந்தக்காரர் மேல் எனக்கு வெகுகாலம் கோபம் இருந்தது. கல்யாணம் காட்சிகளில் பார்த்தால் முகம் திருப்பிக்கொள்வேன். பிற்பாடு நான் வேலையில் இருந்தபோது, கூட வேலை பார்த்த ஒருவர் சொசைட்டிக் கடனுக்கு ஜாமீன் கேட்டு வந்தார். நல்ல மனிதர்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சம்பளக் கமிஷன் அரியர்ஸ் வரட்டும், பார்க்கலாம்" என்றேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் நான் யார் மாதிரிப் பேசினேன் என்று உறைத்தது. அன்றைக்கு எனக்கு இருந்த பயம்தான் அவருக்கும் இருந்திருக்கும். தொகை மட்டும்தான் வேறு.

இதற்கிடையில் டில்லியில் ஒரு வழக்கு நடந்தது. சத்வந்த் சிங் சாஹ்னி என்ற ஏற்றுமதி இறக்குமதி வியாபாரியிடம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடு என்று அரசு கேட்டது. அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். பாஸ்போர்ட் கொடுப்பதும் மறுப்பதும் எங்கள் விருப்பம் என்று அரசு வாதாடியது. 1967 ஏப்ரல் 10 அன்று ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் வெளிநாடு போவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு சொல்லும் தனி மனித சுதந்திரத்தில் அடங்கும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். சட்டம் இல்லாமல் அதை மறுக்க முடியாது. தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி கோகா சுப்பா ராவ். மறுநாளே பதவியை விட்டுவிட்டு ஜனாதிபதி தேர்தலில் நின்றார், அது வேறு கதை. தீர்ப்பு வந்ததும் அரசு அவசரமாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1967 ஜூன் மாதம் வந்த அந்தப் பாஸ்போர்ட் சட்டம்தான் இன்றும் நடப்பில் இருக்கிறது. இன்ன காரணத்துக்காக மட்டும்தான் மறுக்கலாம், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும், மேல்முறையீடு உண்டு என்று முதல் முறையாக எழுத்தில் வந்தது.

அண்ணனுக்கு அப்போது கல்யாணமாகி ஒரு குழந்தையும் பிறந்திருந்தது. பத்திரிகையில் படித்துவிட்டு மறுபடியும் விண்ணப்பித்தார். ராத்திரி ரயிலில் மெட்ராஸ் போய் வந்தார். 1968 கடைசியில் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. கருநீல அட்டை, பொன் எழுத்து, உள்ளே யாரோ ஒரு குமாஸ்தாவின் அழகான கையெழுத்து. எங்கள் தெருவே வந்து பார்த்தது. நம் பக்கத்துப் பூட்டு திறந்துவிட்டது.

ஆனால் அந்தப் பக்கத்துக் கதவு அடைந்துவிட்டிருந்தது. ஸ்மெதிக்காரரிடமிருந்து பதில் வந்தது. வவுச்சர் இல்லாமல் வர முடியாது, டாக்டர், இஞ்சினியர், வாத்தியார் என்றால் கொடுக்கிறார்கள், மோல்டருக்குக் கொடுப்பதில்லை, நீ ஏழு வருஷத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அதே 1968-ல் பிரிட்டன் இன்னொரு காரியமும் செய்திருந்தது. கென்யாவில் இருந்த இந்திய வம்சாவளியினர் பலரிடம் இருந்தது பிரிட்டிஷ் பாஸ்போர்ட். அவர்கள் வர ஆரம்பித்ததும், மூன்றே நாளில் பாராளுமன்றத்தில் ஒரு சட்டத்தை நிறைவேற்றி, அப்பனோ பாட்டனோ பிரிட்டனோடு பிறப்புத் தொடர்பு உள்ளவனாக இல்லாவிட்டால் தடையின்றி நுழைய முடியாது என்று ஆக்கிவிட்டார்கள். அவர்கள் கொடுத்த பாஸ்போர்ட்டுக்கே அந்த மதிப்பு என்றால் அண்ணனுடையது எம்மாத்திரம்?

வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் இந்தக் கதை. சும்மா பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு 1986 வரை விசா தேவைப்படவில்லை. ஆனால் ஹீத்ரோவில் இறங்கி அதிகாரி முன்னால் நிற்கும்வரை உள்ளே விடுவார்களா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. 1979-ல் அங்கே திருமணத்துக்காகப் போன ஓர் இந்திய ஆசிரியைக்குக் கன்னித்தன்மைப் பரிசோதனை செய்தார்கள். அப்போது செய்தி படித்தவர்களுக்கு நினைவிருக்கும். பாராளுமன்றம் கொதித்தது, நம் அரசு கண்டனம் தெரிவித்தது, பிறகு அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். காகிதத்தில் எழுதிய விதி ஒன்று, அந்த மேஜைக்கு முன்னால் நடப்பது வேறு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

காமன்வெல்த் நாட்டுக்கு பிரிட்டன் முதன்முதலில் விசா விதித்தது இலங்கைக்கு, 1985-ல். 1983 கலவரத்துக்குப் பிறகு தஞ்சம் தேடி வந்த தமிழர்களைத் தடுக்கத்தான் அது. அடுத்த வருஷம் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், கானா, நைஜீரியா என்று பட்டியல் நீண்டது. இந்தியர்களுக்கு 1986 அக்டோபர் நடுவில் அமலானது. அந்த நாளுக்கு முன்னால் போய் இறங்கிவிட வேண்டும் என்று விமானம் விமானமாகக் கூட்டம். ஹீத்ரோவில் ராத்திரியெல்லாம் தரையில் படுத்துக் காத்திருந்தார்கள். நாமும் சும்மா இல்லை. 1984-லேயே பிரிட்டிஷ்காரர்களுக்கு இந்தியா விசா விதித்துவிட்டது.

1987 பிப்ரவரியில் 58 ஈழத் தமிழர்கள் ஹீத்ரோவில் வந்து இறங்கினார்கள். அவர்களை விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பப் பார்த்தபோது சிலர் உள்ளாடையோடு விமான ஓடுதளத்தில் நின்று மறுத்தார்கள். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. அதைத் தொடர்ந்துதான், சரியான விசா இல்லாத ஒருவரை ஏற்றி வந்தால் தலைக்கு ஆயிரம் பவுண்டு அபராதம் என்று விமானக் கம்பெனிகளுக்குச் சட்டம் போட்டார்கள். இன்றைக்கு மீனம்பாக்கத்தில் போர்டிங் அட்டை கொடுக்கும் பெண் உங்கள் விசாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறதே, அது இதன் வாரிசு. லண்டன் எல்லை இப்போது லண்டனில் இல்லை, நம் ஊர் கவுண்டருக்கே வந்துவிட்டது.

எங்கள் முறை 2023-ல் வந்தது. என் மகள் குடும்பம் லெஸ்டரில் இருக்கிறது. 1972-ல் உகாண்டாவிலிருந்து இடி அமீன் விரட்டிய இந்தியர்களைப் பார்த்து, எங்கள் ஊரில் இடமில்லை, வராதீர்கள் என்று உகாண்டாப் பத்திரிகையிலேயே விளம்பரம் கொடுத்த நகராட்சி அது. இன்று அங்கே தீபாவளிக்குத் தெரு முழுக்க விளக்குப் போடுகிறார்கள்.

படிவத்தை மகள்தான் அங்கிருந்து நிரப்பினாள். வீடியோவில் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள். அப்பாவின் பிறந்த தேதி என்ன என்று வந்தது. எங்கள் அப்பா பிறந்தது கீலக வருஷம் ஐப்பசி, அவ்வளவுதான் தெரியும். பஞ்சாங்கத்தைப் புரட்டி 1908 அக்டோபர், நவம்பருக்குள் வரும் என்று கணக்குப் போட்டு ஒரு தேதி வைத்தோம். போர்க்குற்றம் செய்திருக்கிறீர்களா, பயங்கரவாதத்தில் ஈடுபட்டதுண்டா என்று கேள்வி வந்தபோது என் மனைவி, "மாமியார் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்களோ" என்றாள்.

கடைசியில் எல்லாக் கேள்வியும் ஒரு கேள்விதான் என்று எனக்குப் பட்டது. திரும்பி வருவாயா? வீடு இருக்கிறதா, பென்ஷன் இருக்கிறதா, இங்கே யார் இருக்கிறார்கள் என்று சுற்றிச் சுற்றிக் கேட்பது அதைத்தான். அண்ணன் காலத்தில் நம் அரசு கேட்டது, நீ அங்கே கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்று. இப்போது அந்த அரசு கேட்பது, நீ அங்கேயே தங்கிவிட மாட்டாய் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று. எங்களுக்கு மகளும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அறுப்பு முடியும் வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. சென்னையில் கைரேகை எடுக்கும்போது என் மனைவியின் விரல் பதியவே இல்லை. ஐம்பது வருஷம் பாத்திரம் தேய்த்த கை. அந்தப் பெண் பொறுமையாக ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொல்லி நான்காம் தடவை பதிய வைத்தாள். மூன்று வாரத்துக்குள் விசா வந்துவிட்டது.

லெஸ்டரில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையிடம் சொல்லி ஸ்மெதிக் போனோம். காரில் ஒரு மணி நேரம். பட்டறைப் புகை எதுவும் இல்லை. பெரிய குருத்வாரா இருக்கிறது. அதற்கு எதிரில் முதல் உலகப் போரில் உயிர்விட்ட தெற்காசியச் சிப்பாய்களுக்காக 2018-ல் வைத்த வெண்கலச் சிலை. 1964 தேர்தலில் வெளிப்படையாக நிறவெறி பேசி ஜெயித்த ஊர் அது. வெள்ளையர் அல்லாதவருக்கு வீடு விற்கக் கூடாது என்று அங்கே மார்ஷல் தெருவில் நடந்த கூத்தைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து மால்கம் எக்ஸே 1965-ல் வந்து போனார். அண்ணன் போயிருந்தால் அந்தச் சமயத்தில் அந்தத் தெருக்களில்தான் இருந்திருப்பார். தெருக்காரர் இறந்து பல வருஷமாகிறது. அவர் வீட்டு விலாசம் மட்டும் அண்ணன் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தெருவே இல்லை, அடுக்குமாடி கட்டியிருந்தார்கள்.

திரும்பி வந்த மறுநாள் அண்ணனைப் பார்க்கப் போனேன். அவருக்கு அப்போது 85 வயது. காது மட்டும் கொஞ்சம் மந்தம். பட்டறையிலேயே ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் காலேஜ் படித்ததும் தபால் இலாகாப் பரீட்சை எழுதியதும் அவர் சம்பளத்தில்தான் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை. அவர் சீமைக்குப் போயிருந்தால் பணம் அனுப்பியிருக்கலாம், அனுப்பாமலும் போயிருக்கலாம். எனக்கு அதை யோசிக்கும் தைரியம் இருந்ததில்லை.

போட்டோவையெல்லாம் பேரனுடைய டேப்லெட்டில் போட்டுக் காட்டினேன். சிலையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பாஸ்போர்ட்டைக் கேட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விசாவைத் தடவிப் பார்த்தார், முத்திரைகளைப் படித்தார். அவருடைய பழைய பாஸ்போர்ட்டும் பக்கத்து மேஜையில் இருந்தது. ரேஷன் கார்டு, எல்.ஐ.சி. ரசீதெல்லாம் அதற்குள்தான் வைத்திருப்பார்.

"உள்ள போறப்ப போட்ட முத்திரை இருக்குது. வெளிய வர்றப்ப போட்டது எங்க?"

"வெளிய வர்றப்ப அவங்க போடறதில்லைங்கண்ணா. வந்து சேந்ததுக்கு நம்ம முத்திரைதான்."

"எத்தன நாளைக்கு குடுத்தாங்க?"

"ஆறு மாசம்ங்கண்ணா. நாங்க ரெண்டரை மாசத்துலயே வந்துட்டோம்."

"திரும்பி வருவேன்னு எழுதிக் குடுத்தியா?"

"ஆமாங்கண்ணா."

அவர் என் பாஸ்போர்ட்டை மூடி என் கையில் கொடுத்தார். அண்ணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகும் வரை பேசாமல் இருந்தார்.

"நான் அப்பப் போயிருந்தா திரும்பி வந்திருக்க மாட்டேன் தம்பி. அப்படித்தான் முடிவு பண்ணி வெச்சிருந்தேன். அம்மாகிட்டச் சொல்லல. ஆனா அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கறேன்" என்றார். பிறகு காபி ஆறிப்போகுது, குடி என்றார்.